கம்மங்காட்டில் தகரம் அடித்த லீவு

என் இடது கை ஒரு சோம்பேறி. ஆறாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் இது எனக்குத் தெரியாது. எழுதுவது, சாப்பிடுவது, தங்கச்சியைக் குட்டுவது எல்லாவற்றையும் வலது கையே பார்த்துக்கொண்டதால், இடது கை வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா இருந்து பழகிவிட்டது. பி.டி. சார் என்னிடம் இரண்டு குச்சிகளைக் கொடுத்து டிரம்மில் அடிக்கச் சொன்ன அன்றைக்குத்தான் அதன் லட்சணம் பள்ளிக்கூடத்துக்கே தெரிந்தது.

அடிக்க வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டம், டம், டம்டம்டம். அவ்வளவுதான். குடியரசு தினத்தன்று வரிசையாக நடந்து வரும் பிள்ளைகளின் கால்கள் அதற்குத்தான் எழுந்து விழும். முதல் இரண்டு அடி நிதானமாக விழ வேண்டும், அடுத்த மூன்றும் வேகமாக விழ வேண்டும், பிறகு ஒரு மூச்சு நேரம் கை சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு வரவில்லை. மூச்சு விடுவதற்குள் வலது கை முந்திக்கொள்ளும். இடது கை பஸ்ஸைத் தவறவிட்டதுபோலப் பின்னால் ஓடி வரும். சார் காதைப் பொத்திக்கொண்டார். லீவு முடிந்து வரும்போது ஒழுங்காக அடித்தால் டிரம் எனக்கு, இல்லாவிட்டால் கொடியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியது என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் அம்மா முகத்தைச் சுளித்தாள். எங்கள் ஊரில் கொட்டு அடிக்கிறவர்களுக்குத் தனித் தெரு உண்டு. சாவுக்கும் சாமிக்கும் அவர்கள் வர வேண்டும், ஆனால் எங்கள் வாசலைத் தாண்டி வரக் கூடாது. அந்தக் கொட்டு மேளத்தை எங்கள் வீட்டில் யாரும் தொட்டதே இல்லை. பொட்டப் புள்ளைக்கு இது என்னத்துக்கு என்றாள் அம்மா. டிரம் அடிக்கிறவர்களுக்கு வெள்ளை ஷூவும் சிவப்பு நாடாவும் உண்டு என்று நான் சொன்னதும் அப்பா நியாயம் தீர்த்துவிட்டார். “இது இங்கிலீசு கொட்டுடி. அது வேற, இது வேற.” ஒரே தோலை ஒரே குச்சியால் அடிக்கும்போது அது எப்படி வேறாகும் என்று எனக்கு விளங்கவில்லை. அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் கேட்கவும் இல்லை.

டிரம்மைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் அண்டா குண்டாவை அடித்துப் பார்த்தேன், அம்மா விரட்டினாள். அப்போதுதான் அத்தை கூப்பிட்டாள். “ஏத்தா, காட்டுக்கு வா. அங்க பூராப் பொழுதும் அடி, யாரு கேக்கப் போறா?”

அத்தை அப்பாவின் தங்கை. அருப்புக்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஆடி மாதம் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. ஏன் வந்தாள் என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. வந்ததிலிருந்து அவள் அடுத்த ஆளுக்குக் கேட்கிற அளவுக்குப் பேசிப் பார்த்ததில்லை. அடுப்படியில் இருந்தால் இருப்பதே தெரியாது. மாமா வீட்டு ஆட்கள் இரண்டு தடவை வந்து அப்பாவிடம் பேசிவிட்டுப் போனார்கள். அவர்கள் வரும் நாட்களில் அத்தை கொல்லைப்புறத்தில் எதையாவது தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

மழை விழுந்ததும் அத்தை அப்பாவிடம் ஒன்று கேட்டாள். கண்மாய்க்குப் பின்னால் சும்மா கிடந்த புஞ்சையைத் தனக்குக் கொடுக்க வேண்டும். அதில் தானே கம்பு விதைத்து எடுப்பாள். “என் ஒருத்தி கஞ்சிக்கு ஒரு வருசத்துக்குக் காணற மாதிரி வெளஞ்சா நான் இங்கனயே இருந்துக்கிறேண்ணே. வெளயலன்னா நீங்க சொல்ற மாதிரி அங்க போயிர்றேன்.” அப்பா சரி என்றார். நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். அண்ணனும் தங்கச்சியும் பந்தயம் கட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் என் தங்கச்சிக்கும் நடக்காத பந்தயமா?

கம்பு நன்றாகத்தான் வந்தது. மார்கழியில் கதிர் எல்லாம் பால் பிடித்து நின்றது. பால் பிடித்த கம்பு என்றால் குருவிக்குக் கல்யாணச் சாப்பாடு. சிட்டு, கிளி, மைனா என்று கூட்டம் கூட்டமாக இறங்கும். இவை போதாதென்று மயில் வேறு. குருவியைக் கல்லெறிந்து விரட்டலாம், மயில்மேல் கல் பட்டால் கேசாகிவிடும் என்பதால் அதை எல்லோரும் மரியாதையாகத்தான் விரட்டுவார்கள். அத்தை பழைய கேசட் நாடாவைக் காடு முழுக்க இழுத்துக் கட்டியிருந்தாள். காற்றடித்தால் அது ஙொய் என்று பாடும். மூன்றாம் நாளே கிளிகள் அதன் மேலேயே வந்து உட்கார்ந்தன.

காட்டு நடுவில் வேலிக்கருவைக் கம்புகளை நட்டுப் பரண் போட்டிருந்தது. மேலே பனையோலை. அதில் எனக்கு ஒரு எண்ணெய்த் தகரமும் புளியங்குச்சி இரண்டும். எனக்குப் பழக்கமும் ஆகும், அத்தைக்குக் காவலும் ஆகும். அத்தை காலையில் என்னைப் பரணில் ஏற்றிவிட்டுக் கூலி வேலைக்குப் போவாள், மத்தியானம் சோறு கொண்டு வருவாள்.

முதல் சில நாட்கள் நான் அடித்த அடி இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. டம் என்று ஒன்று விழும், அடுத்தது எப்போது விழும் என்று எனக்கே தெரியாது. சில நேரம் இரண்டும் சேர்ந்து விழும். சில நேரம் குச்சி கையை விட்டுப் பறந்து கீழே விழும், இறங்கி எடுத்து வருவேன். ஆனால் காட்டில் ஒரு குருவி அண்டவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர்கள்கூடக் காவலுக்கு அத்தையிடம் என்னைக் கேட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

நான் என்னவோ பழகிக்கொண்டேதான் இருந்தேன். இடது கையை மட்டும் தனியாக அடிக்க வைத்தேன். சோற்றை இடது கையால் அள்ளப் பார்த்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தூங்கும்போது தொடையில் தட்டித் தங்கச்சியிடம் உதை வாங்கினேன். அந்த மூச்சு நேரம் மட்டும் பிடிபடவே மாட்டேன் என்றது.

லீவு முடியப் போகிற சமயம், ஒரு நாள் வெயில் ஏறிய பிறகு, அது வந்தது. எப்படி வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று இடது கை தானாகப் போய் விழுந்தது. டம், டம், டம்டம்டம். பிறகு அந்த இடைவெளி. நான் எதுவும் செய்யவில்லை, இடைவெளி தானாக வந்து தானாகப் போனது. மறுபடியும் வந்தது. அடிக்காத நேரமும் அடிக்கிற நேரம் மாதிரியே காதில் கேட்டது. நான் அடிக்கிறேனா, அது என்னை அடிக்க வைக்கிறதா என்று தெரியவில்லை. உடம்பு முழுக்கப் புல்லரித்தது. நிறுத்தினால் போய்விடுமோ என்ற பயத்தில் நிறுத்தவே இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி அடித்தேனோ தெரியாது. கண்ணைத் திறந்தேன். காடு முழுக்கக் குருவி.

ஒவ்வொரு கதிரிலும் ஒன்று உட்கார்ந்திருந்தது. சில கதிர்கள் பாரம் தாங்காமல் வளைந்து கிடந்தன. பச்சைக் கிளிகள் ஒரு பக்கம், மைனாக்கள் ஒரு பக்கம். பரணுக்கு நேர் கீழே, கை நீட்டினால் கொண்டையைத் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில், ஒரு ஆண் மயில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தது. ஒன்றுகூடப் பறக்கவில்லை. இத்தனை நாள் தகரத்தைத் தொட்டாலே பறந்து ஓடியவை, இப்போது நான் அடிக்க அடிக்க வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. அவை என் தாளத்தைக் கேட்கத்தான் வந்திருக்கின்றன என்று நான் முழுசாக நம்பினேன். அப்படி ஒரு மரியாதையை அதற்குப் பிறகு எனக்கு யாரும் செய்ததில்லை. அவற்றின் அலகு என்ன செய்துகொண்டிருந்தது என்பது கண்ணில் பட்டும் மனசில் ஏறவில்லை.

அத்தை தூக்குவாளியோடு வரப்பில் வந்து நின்றாள். நான் கையை நிறுத்தாமல் மெதுவாகச் சொன்னேன். “அத்தை, சத்தம் போடாத. எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்குதுக.”

“கேட்டுக்கிட்டா இருக்குதுக?” என்றாள். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் காட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏச்சு வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, நான்தான் இவ்வளவு நன்றாக அடிக்கிறேனே. அத்தையும் கேட்கட்டும் என்று இன்னும் நாலு தரம் பிசகாமல் அடித்துக் காட்டினேன். அவள் அதையும் நின்று கேட்டாள். பிறகு பரண்மேல் ஏறி வந்தாள்.

“இங்கிட்டுக் குடு ஆத்தா.”

குச்சிகளை வாங்கித் தகரத்தில் ஒரு போடு போட்டாள் பாருங்கள், பரணே ஆடியது. அடுத்த அடி எப்போது விழுந்தது, எந்தக் கையால் விழுந்தது, ஒன்றும் எனக்குப் புரியவில்லை. தகரத்தின் முகத்தில் அடித்தாள், விலாவில் அடித்தாள், ஓலம்போல ஒரு சத்தம் தகரத்திலிருந்து வந்ததா அவளிடமிருந்து வந்ததா தெரியவில்லை. காட்டின் மேல்பாகமே கழன்று மேலே போவதுபோல அத்தனை குருவியும் ஒன்றாக எழும்பியது. ஒரு நொடி வெயில் மறைந்தது. மயில் ஓட வழியில்லாமல் பறந்தது. காடு காலியாகிவிட்டது, அத்தை நிறுத்தவில்லை. கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்தது. ஒரு குச்சி ஒடிந்தது, மிச்சத் துண்டால் அடித்தாள். அடுப்படியில் இருப்பதே தெரியாத அத்தையிடம் இவ்வளவு சத்தம் எங்கே இருந்தது என்று வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன். சற்று முன்பு தாளம் கைக்குப் பிடிபட்டபோது வந்த அதே புல்லரிப்பு மறுபடி வந்தது, இந்தத் தரம் கொஞ்சம் பயமும் சேர்ந்து.

ஆனாலும் நான் புதிதாக வித்தை படித்தவள் இல்லையா? பொறுக்க முடியவில்லை.

“அத்தை, தாளம் தப்புது.”

“தப்பட்டும்த்தா” என்றாள், அடித்துக்கொண்டே.

அந்த நேரத்தில் கண்மாய்க் கரையில் அப்பாவின் வண்டி வந்து நின்றது. ரோட்டில் போனவருக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. என்னமோ ஏதோ என்று கையில் ஒரு தடியோடு ஓடி வந்தவர் காட்டோரத்தில் அப்படியே நின்றார். அத்தை அவரைப் பார்க்கவில்லை, எனக்குப் பரணிலிருந்து நன்றாகத் தெரிந்தது. அப்பா கூப்பிடவும் இல்லை, கிட்ட வரவும் இல்லை. வெகுநேரம் நின்றுவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டே போனார். குருவி மாதிரி அப்பாவும் பயந்துவிட்டார்போல என்று நினைத்தேன்.

கை ஓய்ந்த பிறகு அத்தை மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். என் தலையைத் தடவினாள். “நீ நல்லாத்தான் அடிச்சத்தா. ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா குருவிக்கு நல்லா அடிக்கக் கூடாது.” பம்புசெட்டு மோட்டார் தடதடவென்று ஓடும்போது அதன் கூரையிலேயே குருவி உட்கார்ந்திருக்கும் அல்லவா, சீராக வருகிற எந்தச் சத்தமும் அவற்றுக்குப் பழகிவிடும் என்றாள். நான் அதை ஏற்கவில்லை. குருவிகள் கேட்கத்தான் வந்தன என்பதில் உறுதியாக இருந்தேன். அதற்குப் பிறகு வேண்டுமென்றே தப்பாக அடிக்க எனக்கு வரவே இல்லை. கை தானாகத் தாளத்துக்குப் போய்விடும். ஆகவே மிச்ச நாட்களில் கூலிக்குப் போகாமல் அத்தையே அடித்தாள், நான் காதைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

டிரம் எனக்குக் கிடைத்தது. வெள்ளை ஷூ கடித்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடமே என் கைக்கு நடந்தது.

தை கடைசியில் கதிர் அறுத்துத் திருச்சுழி ரோட்டில் பரப்பினோம். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போய் உதிர்த்துக் கொடுத்தன. தூற்றிக் குவித்தபோது ரோட்டோரத்தில் குவியல் சின்னதாகத்தான் நின்றது. அன்று மத்தியானம் இறங்கிய கூட்டம் பாதிக் கதிரைச் சப்பையாக்கிவிட்டுப் போயிருந்தது. “இது ஆடி வரைக்குமே காணாது” என்று அம்மா எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்தாள். அத்தை புடைக்கிற சுளகைக் கையில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் நின்றாள்.

மாமா வீட்டு ஆட்கள் மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பா குவியலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து ஒரு கை அள்ளி ஊதிப் பார்த்தார்.

“வருசத்துக்குக் காணும்” என்றார். “நான் போன்ல சொல்லிர்றேன். அவுகளை வர வேணாம்னு.”

காணாதுப்பா என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். பந்தயம் என்றால் பந்தயம்தானே? அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். கிள்ளிவிட்டு, “ஆமா, காணும் காணும்” என்று அவளும் சொன்னாள். அத்தை சுளகால் முகத்தை மூடிக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெயித்தவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. எட்ட நின்றே இன்ன காட்டில் இத்தனை மூட்டை தேறும் என்று சொல்கிற அப்பா, கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த குவியலைப் பார்த்து இப்படி ஏமாந்துவிட்டாரே என்று அன்றைக்கு முழுக்க எனக்கு அவர்மேல் வருத்தமாக இருந்தது.