நான் வைக்காத கைநாட்டு

என் மைனியின் வலது கண் பார்வை போனதற்குக் காரணம் நான்தான். வியாதியும் அல்ல, வைத்தியரும் அல்ல. நான்!

ஊர் அப்படிச் சொல்லவில்லை. கம்மலை விற்று அண்ணன் மனைவிக்கு வைத்தியம் பார்த்தவள் என்று திரேஸ்புரத்தில் எங்கள் தெரு முழுக்க எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரை மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன். உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

அவசரப்படாமல் கேளுங்கள். என் கையெழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கருவாட்டுக் கூடையோடு ஓட்டப்பிடாரம் வரைக்கும் பஸ்ஸில் போய் விற்றவள் நான். பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. மாதா கோவில் கூடத்தில் ஒரு சிஸ்டர் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். கடைசி வரை விடாமல் போனவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான். அந்தோணியம்மாள் என்று முழுப் பெயரையும் ஒரே மூச்சில் எழுதுவேன். மற்றவர்கள் விரலை மையில் தொட்டுத் துடைக்கிற இடத்தில் நான் பேனா கேட்பேன். நாலு பேர் காதில் விழும்படியே கேட்பேன். ஏன் கேட்கக் கூடாது? பாடுபட்டுப் படித்த எழுத்து அது!

அண்ணனும் என் வீட்டுக்காரரும் காலமான பிறகு மைனியும் நானும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. அரிசி யார் காசு, கேஸ் யார் காசு என்று நாள்தோறும் சண்டை. விலை கூடிய சீலா மீன் வாங்கிய அன்று சண்டை தெரு வரைக்கும் வரும். அதனால் வங்கியில் இருவர் பெயரிலும் ஒரு கணக்குத் திறந்தோம். மைனியின் கடை வாடகையும் என் கருவாட்டுக் காசும் அதில் விழும். வீட்டுச் செலவுக்கு அதிலிருந்தே எடுப்போம்.

"ஒருத்தர் வந்தாலே எடுக்கிற மாதிரி வைக்கட்டுமா, இல்ல ரெண்டு பேரும் வந்தாத்தானா?" என்று வங்கியில் கேட்டார்கள்.

"ரெண்டு பேரும் வந்தாத்தான்" என்றேன். எனக்குத் தெரியாமல் ஒரு ரூபாய் போய்விடக் கூடாதே...

மைனி கைநாட்டு வைத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

"ஏளா, நீ கலெக்டரு. ஒம்பக்கத்துல நான் இருக்கலாமா?" என்றாள் மைனி.

"தள்ளி இரிங்க மைனி, மை ஒட்டிரும்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் மெய்யாகவே சேலையை ஒதுக்கிக்கொண்டேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. மைனியின் வலது கண்ணில் கறுப்புத் திரை விழுந்ததுபோல் ஆகிவிட்டது. உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வை நிற்காது என்றார் கண் டாக்டர். பணம் வங்கியில் இருந்தது. நேரே போனோம். மைனியைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கவுண்டருக்கு நான் போனேன்.

கொஞ்ச காலமாகவே என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. போட்ட கையெழுத்தில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"ஆச்சி, இது பழைய கையெழுத்தோட ஒத்து வரலையே" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். "கைநாட்டு வச்சிருங்க. மேனேஜர்ட்ட சொல்லி இன்னைக்கே முடிச்சுத் தாரேன்." மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

ஒரு விரல்! வைத்திருந்தால் அன்று மாலையே மைனி ஆஸ்பத்திரியில் படுத்திருப்பாள்...

நான் வைக்கவில்லை.

பெஞ்சுக்குத் திரும்பி வந்து, "சர்வர் இல்லையாம் மைனி" என்றேன்.

"அந்தா ஒருத்தன் நோட்டு எண்ணுதானே?"

"அது வேற சர்வர்."

நம்பினாள்! நான் படித்தவள் அல்லவா?

அடுத்த இரண்டு நாளும் வங்கிக்கு விடுமுறை. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் என் பெயரை எழுதி எழுதிப் பார்த்தேன். கை இன்னும் மோசமாயிற்று. திங்கட்கிழமை மறுபடியும் ஒத்து வரவில்லை. மறுபடியும் மைப்பெட்டி. மறுபடியும் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். மறுநாள் கம்மலைக் கழற்றிக் கொண்டுபோய் விற்றேன்.

நினைத்துப் பாருங்கள்... தாலி போன பிறகு எனக்கு மிஞ்சியிருந்தது அந்தக் கம்மல்தான். அதைக் கழற்றக் கை தயங்கவில்லை. மையைத் தொடத்தான்...

"சொன்ன அன்னைக்கே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார் டாக்டர். ஆபரேஷன் நடந்தது. பார்வை திரும்பவில்லை.

இப்போது கடை வாடகையைக் கையில் வாங்கிச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம். வங்கிப் பணம் அப்படியே இருக்கிறது. "கெடக்கட்டும்ளா, நம்ம ரெண்டு பேரு சவப்பெட்டிக்கு ஆவும்" என்கிறாள் மைனி.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்பீர்கள். என்னவென்று சொல்வது? உன் கண்ணைவிட என் விரல் எனக்குப் பெரிதாக இருந்தது என்றா? அதே பெண் நாளைக்கு அதே மைப்பெட்டியைத் தள்ளினால் வைப்பேனா... சத்தியமாக எனக்குத் தெரியவில்லை! இதைக்கூட யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை. ஏறியும் இறங்கியும் கிடந்தாலும் எழுத்து என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது எதிரே வருகிறவர்களிடமெல்லாம் மைனி என் மூளிக் காதைத் தொட்டுக் காட்டுவாள். "பாத்தீயளா, எனக்காவ வித்தா! இப்படி ஒருத்தி யாருக்கு வாய்ப்பா?"

நான் தலை நிமிர்ந்துதான் நிற்பேன்.

எப்போதும் அவளுக்கு வலப்பக்கமாகவே நடக்கிறேன். பார்வை இல்லாத பக்கம் இடறிவிடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று ஊர் நினைக்கிறது. மைனியும் அப்படித்தான் நினைக்கிறாள். அந்தப் பக்கம் நடந்தால் என் முகம் அவளுக்குத் தெரியாது.