லுஹருக்கும் அஸருக்கும் இடையில்

காத்தான்குடியில் வாவிப் பக்கமாக ஒரு மேல்மாடியை வாடகைக்குப் பேசியபோது, ஊரே அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் வீட்டுக்காரர் விசயத்தை ஒரே சொல்லில் முடிக்கப் பார்த்தார்.

"கரண்டும் தண்ணியும் உள்ளுக்குத்தான் சேர்."

வாடகைக்குள் எல்லாம் அடக்கம். கீழே அவருடைய புடைவைக் களஞ்சியம்; இரண்டுக்கும் ஒரே மீற்றர். பிரித்துப் பார்க்கிற தொல்லை வேண்டாம் என்றார்.

முப்பத்தைந்து வருடம் அரச அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவனுக்கு ஒரு சொல் எப்படிப் போதும்? ஒப்பந்தத்தை நானே எழுதினேன். இரண்டு சாட்சி, தாளுக்குத் தாள் கையெழுத்து. ஏழாவது வாசகத்தில் எனக்குத் தனிப் பெருமை: 'மின்சாரம் சாதாரண வீட்டுப் பாவனைக்கு மாத்திரம். வேறு இயந்திரங்கள் பாவிப்பதாயின் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி பெறப்படல் வேண்டும்.' அவர் கேட்காத பாதுகாப்பை அவருக்கு வழங்கியிருந்தேன்.

"இதெல்லாம் எதுக்கு சேர்? நீங்க என்ன, மேல மில்லா போடப் போறீங்க?" என்று சிரித்தபடி, வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். அது எனக்குப் பெரிய குறைபாடாகப் பட்டது.

அந்த வருடம் முடிவதற்குள் என் மனைவியின் நுரையீரல் களைத்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளோடு ஒரு ஒட்சிசன் மெசினும் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று உறுமி, குழாய் வழியாக அவள் மூக்குக்குக் காற்றுக் கொடுக்கிற பெட்டி. ஒரு நாளைக்குக் குறைந்தது பதினாறு மணித்தியாலம் வேண்டும் என்று டொக்டர் எழுதியிருந்தார்.

அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். எழுதி மேசை லாச்சிக்குள் வைத்தேன். கேட்டால் மறுக்க அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் கொடுத்தவனே நான். மறுத்துவிட்டால் இந்த மூச்சோடு அவளை எந்த வீட்டுக்குக் கூட்டிப்போவது?

காக்கா மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து களஞ்சியத்தில் சாய்வார். வீட்டில் பேரப்பிள்ளைகளின் சத்தமாம். பிற்பகல் அஸர் தொழுகைக்குத்தான் எழும்பிப் போவார். உறுமல் கீழே கேட்டுவிடாதிருக்க, அந்த மூன்று மணித்தியாலமும் மெசினை நிறுத்தினேன். இருபத்து நாலில் மூன்று போனால் இருபத்தொன்று. டொக்டர் கேட்டதை விட ஐந்து கூட. பில் ஏறினால் வெயிலின் மேல் பழியைப் போடலாம். டொக்டரின் விதி எதுவும் மீறப்படவில்லை.

அவள் தலையணைகளில் சாய்ந்து, யன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டு, வாயால் மூச்சை அள்ளுவாள்.

"அந்த மனுசனிட்ட ஒருக்காக் கேளுங்களன்."

"கேட்டா மாட்டன் எண்டும் சொல்லலாம்."

"கேட்காட்டி?"

பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்டதும் ஓடிப்போய் மெசினின் ஆளியைப் போடுவேன். ஒருநாள் குழாயை மூக்கில் செருகிக்கொண்டே சொன்னாள்: "அஸர் பாங்குக்கு என்னைப்போல ஏங்குற ஆள் இந்த ஊரிலயே இருக்காது."

இருவரும் சிரித்தோம். அவளுக்குச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அவள் உயிர் ஆஸ்பத்திரியில்தான் போனது, ஒரு விடியற்காலையில். அந்த மூன்று மணித்தியாலத்தைப் பற்றி டொக்டரிடம் நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காக்கா மேலே வந்தார். கதிரை நுனியில் இருந்தபடி, மெசின் நின்ற வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சேர், ஒண்டு கேக்கணும். நான் வந்து சாஞ்சா மட்டும் மெசின் நிக்கிற. அதுக்கு ஓய்வு குடுக்கணுமாக்கும் எண்டு நினைச்சன். சில நாளையில நித்திர வாறல்ல. எப்ப திரும்ப ஓடும் எண்டு காதக் குடுத்துக் கிடப்பன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"பில்லு வருந்தானே. மேல ஒரு உசிரு ஓடுது, ஓடட்டும் எண்டு இருந்தன். அண்டைக்கே சொன்னன்தானே சேர், கரண்டு உள்ளுக்குத்தான் எண்டு."

லாச்சியைத் திறந்தேன். கடிதத்தை எடுக்கக் கை வரவில்லை. ஒப்பந்தத்தை எடுத்து, ஏழாவது வாசகத்தில் விரலை வைத்து அவரிடம் நீட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல்தடவையாக, சொல் சொல்லாக வாசித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இத ஆரு சேர் எழுதின?"