இடப்பக்கக் கதவு

நாங்கள் அப்போது மலாக்காவில், காஜா பெராங்கில், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். விபத்தில் அடிபட்டு வருகிறவர்களுக்குக் காயம் துடைத்துக் கட்டுப் போடுவது அவர் வேலை. வருஷக்கணக்கில் சைக்கிளில் போய்வந்தவர், எங்கள் மகள் பிறந்ததும் ஒரு புதுக் காடி வாங்கினார். எங்கள் பக்கத்தில் காரைக் காடி என்றுதான் சொல்வோம்.

இங்கிலாந்திலிருந்து வந்த சின்னக் காடி அது. இரண்டே கதவு. பின்னால் ஏற வேண்டுமானால் முன் இருக்கையை மடக்கிவிட்டுக் குனிந்து நுழைய வேண்டும். கதவின் கீல் பின்பக்கம் இருந்ததால் கதவு முன்பக்கமாக வாயைத் திறக்கும். ஏறி இறங்க வசதி என்று விற்றவன் சொன்னான். எனக்கும் அது பிடித்திருந்தது. சேலை சிக்காமல் உட்காரலாம்.

வாங்கிய சில மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாருவில் இருந்த என் அக்கா வீட்டுக்குப் போனோம். அந்தக் காலத்தில் அது பழத்தோட்டமும் ரப்பர் மரமுமாக இருந்த இடம். மகள் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். காலடியில் கோழிப் பிரட்டல் வைத்த தூக்குச்சட்டி. வலப்பக்கம் வளைகிற ஒரு திருப்பத்தில் என் பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொண்டது. திறந்த மாத்திரத்தில் காற்று அதைப் பிடித்து முழுதாகப் பின்னால் விரித்துவிட்டது. எனக்கும் சாலைக்கும் நடுவில் ஒன்றுமில்லை. நான் சரிந்தேன். குழந்தையை ஒரு கையால் இறுக்கிக்கொண்டது நினைவிருக்கிறது. அவர் ஸ்டியரிங்கை ஒரு கையில் பிடித்தபடி இன்னொரு கையால் என் மேல்கையைப் பற்றி இழுத்தார். காடி புல்லில் இறங்கி நின்றது. தூக்குச்சட்டி வெளியே விழுந்து உருண்டு காட்டுக் கால்வாய்க்குள் போய்விட்டது.

மகள் விழித்துக்கொண்டு சிரித்தாள். அவர் கீழே இறங்கி, கதவைச் சாத்திச் சாத்திப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அது ஒழுங்காகப் பூட்டிக்கொண்டது. என் கையில் அவர் விரல் பதிந்த இடம் பல நாள் கன்றிப்போய் இருந்தது.

மறுநாளே காடி விற்ற ஏஜென்சிக்குப் போனார். அங்கிருந்த போர்மன் கதவை ஆட்டிப் பார்த்துவிட்டு, பூட்டில் கோளாறு எதுவும் இல்லை என்றான். வீட்டுக்காரி கைப்பிடியில் சாய்ந்திருப்பாள், பெண்கள் அப்படித்தான் எதையாவது பிடித்துக்கொண்டு வருவார்கள் என்றானாம். அதை அவர் என்னிடம் வந்து சொன்னபோது, விழுந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

அன்றிலிருந்து நான் முன்னால் உட்காருவதில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இருக்கையை மடக்கி, பின்னால் நுழைந்து உட்கார்ந்துகொள்வேன். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் இருக்கிற கோயிலுக்குப் போய் இறங்கினால் அங்கே பெண்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புருஷனை டிரைவராக வைத்துக்கொண்டு துரைசானி மாதிரிப் பின்னால் உட்கார்ந்து வருகிறாள் என்று பேச்சு. ஆஸ்பத்திரியிலும் அவரைக் கேலி செய்திருக்கிறார்கள். அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. அவரோடு வேலை செய்தவரின் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. முன்னால் வந்து உட்கார் என்று ஒருநாளும் அவர் என்னைக் கட்டாயப்படுத்தியதில்லை.

எங்கள் சந்துக்கு அடுத்தது செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பு. பல தலைமுறைக்கு முன்னே மலாக்காவில் குடியேறிய குடும்பங்கள். நம் சாமியைக் கும்பிடுவார்கள், பேச்சு மட்டும் மலாய். இடையிடையே நம் சொல் ஒன்றிரண்டு வரும். அங்கே சர்வே ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் இதே காடியை வாங்கியிருந்தார். ஒருநாள் அவர் காடி எங்கள் வாசலைக் கடந்து போனபோது, இடப்பக்கக் கதவின் கைப்பிடியிலிருந்து ஒரு பழைய சாரோங் துணி உள்ளே போய் இருக்கையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே என் கணவரை அவர் வீட்டுக்கு அனுப்பினேன்.

அவருக்கும் அதே கதைதான். பசாருக்கு, சாமான் வாங்கும் சந்தைக்கு, போய்வருகிற வழியில் திறந்துகொண்டதாம். நல்ல வேளையாக மூட்டை முடிச்சுகள்தான் விழுந்தன. அவரிடம் ஏஜென்சியில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தார்கள். புதுக் காடி என்ற சந்தோஷத்தில் கதவை ஓங்கி அடித்திருப்பீர்கள் என்று. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். அவருக்குத் தெரிந்த தமிழில் அதுவும் ஒன்று. மற்றதெல்லாம் மலாயில் நடந்தது.

இருவரும் சேர்ந்து போனபோது ஏஜென்சி மேனேஜரே வெளியே வந்தார். நடுவயதுச் சீனர், அமைதியாகப் பேசுகிறவர். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து உண்மையைச் சொன்னார். இடப்பக்கப் பூட்டின் நாக்கு கொஞ்சம் குட்டையாக இருக்கிறது, குலுங்கினால் விட்டுவிடும். பாக்டரிக்கே தெரிந்துவிட்டது. புதுப் பூட்டு செய்து அனுப்புகிறார்கள். வந்ததும் எல்லோருக்கும் சும்மா மாற்றிக் கொடுப்போம். அதுவரை அந்தப் பக்கம் யாரையும் உட்காரவைக்க வேண்டாம்.

என் கணவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் கைப்பிடியில் சாயவில்லை என்பது அன்றைக்குத்தான் ருசுவாயிற்று.

ஆனால் பூட்டு வரவில்லை. கப்பல் இன்னும் புறப்படவில்லை என்றார்கள். பிறகு கப்பல் வந்துவிட்டது, பெட்டி சிங்கப்பூரில் கிடக்கிறது என்றார்கள். அப்புறம் சிங்கப்பூர் துறைமுகத்தில் ஆட்கள் வேலைநிறுத்தம். அது முடிந்ததும், வந்த பெட்டியில் வேறு காடியின் சாமான் இருந்ததாம். அந்த வருஷம் ஊரெல்லாம் மெர்டேக்கா பேச்சு, நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று. பண்டார் ஹிலிர் திடலில் மூங்கில் வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏஜென்சியில் எதைக் கேட்டாலும் மெர்டேக்கா முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள். மெர்டேக்கா வந்தது. நாங்களும் திடலுக்குப் போய்க் கூட்டத்தில் நின்று கொடியைப் பார்த்தோம். காடியைக் கொண்டுபோகவில்லை. நடந்தே போய்வந்தோம்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, பாங்கு வாசலில் ஒரு எஸ்டேட் துரையின் காடி நிற்பதைப் பார்த்தோம். எங்கள் காடி மாதிரியே இன்னொன்று. என் கணவர் அருகே போய் இடப்பக்கக் கதவைக் குனிந்து பார்த்தார். புதுப் பூட்டு. பளபளவென்று இருந்தது. வெளியே நின்றிருந்த அந்த வீட்டு டிரைவரிடம் கேட்டார். மாற்றி ரொம்ப நாள் ஆகிறது, ஏஜென்சியில் அவர்களே கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தார்கள் என்றான் டிரைவர். அவனுக்கு நாங்கள் எதற்குக் கேட்கிறோம் என்றுகூடத் தெரியவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் அவர் காடியை நிறுத்தியதும் நான் பின்னாலிருந்து சொன்னேன்.

"நாளைக்கு நானும் வர்றேன். ஏஜென்சிக்கு."

"நீ வந்து என்ன பண்ணப் போற?"

"வந்து சொல்றேன்."

மறுநாள் அவருக்கு மத்தியான ஷிப்ட். மகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, வழக்கம்போலப் பின்னால் உட்கார்ந்து போனேன். மேனேஜர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, சிங்கப்பூருக்குத் தந்தி அடித்திருப்பதாக ஆரம்பித்தார். எனக்குப் பசார் மலாய்தான் தெரியும். அதிலேயே சொன்னேன். எல்லா மாதமும் இதையே கேட்டுவிட்டோம், இன்றைக்குப் பூட்டுக் கேட்டு வரவில்லை, ஒரு சின்ன உதவி கேட்டு வந்திருக்கிறேன் என்றேன். என்ன உதவி என்றார்.

"நான் முன்னால உக்காந்துக்கிட்டிருந்த எடத்துல நீங்க உக்காந்து புக்கிட் பாரு திருப்பம் வரைக்கும் போயிட்டு வாங்க. இவர் ஓட்டுவாரு. நான் இங்கேயே இருக்கேன்."

அங்கே கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். என் கணவர் என்னைப் பார்த்தார். அவரிடம் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. மேனேஜர் மறுத்திருக்கலாம். மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் மேசைமேல் வைத்திருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, சரி என்றார்.

அவர்கள் திரும்பி வரும்வரை நான் அந்த ஷோரூமில், விற்பனைக்கு நிறுத்தியிருந்த புதுக் காடியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கணக்குப் பெண் எனக்குத் தேநீர் கொடுத்தாள். கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அந்த மனிதருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

கதவு திறக்கவில்லை. திருப்பத்தில் போகும்போதும் திறக்கவில்லை, வரும்போதும் திறக்கவில்லை. இதை என் கணவர் பிற்பாடு சொன்னார். ஆனால் மேனேஜர் புறப்பட்டதிலிருந்து ஒரு கையை முன்பலகையிலும் இன்னொரு கையைக் கதவிலும் வைத்துக்கொண்டே வந்தாராம். திருப்பம் நெருங்கியதும் கண்ணை மூடிக்கொண்டாராம். இறங்கியபோது அவர் உள்ளங்கை சிவந்திருந்தது. கதவு திறக்கவில்லையே என்று என்னிடம் அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது. அடுத்த வாரம் வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் போனபோது, ஷோரூமில் நின்ற காடியின் இடப்பக்கக் கதவில் பூட்டு இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. விற்க வைத்திருந்த காடியிலிருந்தே மேனேஜர் கழற்றி எடுத்துவிட்டார். அது புது மாதிரிப் பூட்டு. வேறு இல்லை, இது ஒன்றுதான், இன்றைக்கே மாட்டிவிடுகிறேன் என்றார். அன்றைக்கு என் கணவர் மட்டும்தான் போயிருந்தார். நான் வீட்டில் முன் இருக்கைக்குப் புதுத் துணி தைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் திரும்பி வந்தவர் வாசலில் நின்றபடியே சொன்னார். பூட்டைச் செட்டிக் கம்பத்து அண்ணனுக்குக் கொடுக்கும்படி மேனேஜரிடம் தானே சொல்லிவிட்டாராம். அந்த அண்ணனின் காடியைக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டிருக்கிறார்களாம்.

அடுப்படிக்குப் போய்ச் சோற்றைப் போட்டு வைத்தேன். அவர் சாப்பிடும்போது நான் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் அவரே எழுந்து வந்தார்.

"அவரு சம்சாரத்துக்கு இது நெறமாசம். இருக்கைய மடக்கிப் பின்னால நுழைய முடியாது அதால. வலி வந்தா முன்னாலதான் உக்கார வச்சிக் கொண்டு வரணும். அப்ப கதவு திறந்துக்கிச்சின்னா யாரு பிடிப்பா? அவரு ஓட்டுவாரா, பிடிப்பாரா?"

"நான் மட்டும் என்ன, வலிக்காதவளா?"

"உனக்கு வலிக்கும்னுதான் வாசல்லயே நின்னேன்."

அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. சரி என்று தெரிந்ததால் கோபம் குறையவில்லை. இரண்டு நாள் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்கு வலி எடுத்தது ஒரு விடிகாலையில். எங்கள் சந்து வழியாகத்தான் காடி போனது. சன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் முன்னால் சாய்ந்து, காலை நீட்டி, கதவுப் பக்கம் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அடுப்படிக்குப் போய் என் கணவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். குழந்தை பிறந்ததும் அவர்கள் வீட்டிலிருந்து எங்களுக்குக் கலர் கலராகப் பலகாரம் வந்தது.

எங்கள் பூட்டு வர மேலும் பல மாதம் ஆயிற்று. அந்தப் பெட்டியும் ஒருவழியாகச் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தது. மேனேஜரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மாட்டிய அன்று நான் முன்னால் உட்கார்ந்து வந்தேன். முதல் திருப்பத்தில் என் கை தானாகக் கதவைப் பிடித்துக்கொண்டது. அவர் வேகத்தைக் குறைத்தார். அதற்குப் பிறகும் வெகுநாள் எல்லாத் திருப்பத்திலும் அவர் அப்படித்தான் குறைப்பார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

எங்களுக்குச் சரியானதோடு அவருக்கு விஷயம் முடிந்துவிடவில்லை. ஊரில் அதே காடி எங்கே நின்றாலும் போய் இடப்பக்கக் கதவைக் குனிந்து பார்ப்பார். பழைய பூட்டு என்றால் உடையவர் வரும்வரை காத்திருப்பார். நான் கோயிலுக்கோ கடைக்கோ போகிற அவசரத்தில் இருப்பேன். அவர் நகரமாட்டார்.

ஒருநாள் பண்டார் ஹிலிரில் அப்படி ஒரு காடி நின்றது. உடையவர் ஒரு மலாய் வாத்தியார். இரண்டு பிள்ளைகளையும் முன் இருக்கையில் ஒன்றாக உட்காரவைத்திருந்தார். காடியை இன்னொருவரிடமிருந்து பழசாக வாங்கியிருக்கிறார். அதனால் ஏஜென்சிக்கு அவரைத் தெரியாது, அவருக்கும் பூட்டு விஷயம் தெரியாது. என் கணவர் கதவைத் திறந்து, குட்டையான அந்த நாக்கை விரலால் தொட்டுக் காட்டி, எங்களுக்கு நடந்ததைச் சொன்னார். வாத்தியார் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கிப் பின்னால் விட்டார். சின்னவன் முன்னால்தான் உட்காருவேன் என்று அழுதான். யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று வாத்தியார் மலாயில் இரண்டு தடவை சொன்னார்.

என் கணவர் அவருக்கு ஏஜென்சிக்கு வழி சொன்னார். போர்மனிடம் பேச வேண்டாம், நேராக மேனேஜரைப் பாருங்கள், நல்ல மனிதர், ஆனால் முதல் தடவையிலேயே கிடைத்துவிடாது, விடாமல் போங்கள் என்றார். வாத்தியார் கை கொடுத்துவிட்டு, பின்னால் அழுகிறவனைச் சமாதானம் செய்துகொண்டே மெதுவாக ஓட்டிப் போனார்.