ஏறிய அண்ணை இறங்கவில்லை

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஓர் இலையுதிர் காலத்தில், ஜேர்மனியின் மலையடிவார நகரம் ஒன்றில் இது நடந்தது. நோய் தீர்க்கும் ஊற்று நீர் குடிப்பதற்காக ஒரு காலத்தில் பணக்காரர்கள் வந்து தங்கிய ஊர் அது. அப்படி வந்த ஆங்கிலேயர்கள் தண்ணீர் குடித்ததோடு நிற்கவில்லை. தங்கள் நாட்டுக் கிராமத்தில் இருப்பதைப் போலவே ஒரு தேவாலயத்தையும் அங்கே கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜேர்மனிக்கு வந்த பிறகும் ஓர் ஊரில் சேர்ந்தாற்போல் ஒரு வருடம் இருந்ததில்லை. மூட்டை தூக்கினேன், பெயின்ட் அடித்தேன், கோழி உரித்தேன். அந்த ஊரில் கிடைத்தது பழைய கட்டடங்களைத் துப்புரவாக்கும் ஒரு சிறிய கம்பனியில் வேலை. தேவாலயக் கோபுரத்தில் புறாக்கள் வருடக்கணக்காக இட்ட எச்சத்தைச் சுரண்டி, சாக்கில் கட்டி, கீழே இறக்க வேண்டும்.

என்னோடு வேலை செய்தவர் கெல்சென்கிர்ச்சன் என்ற ஊரிலிருந்து வந்த, எங்கள் நாட்டு அண்ணை ஒருவர். ஐம்பது வயது இருக்கும். அதுவரை உணவகங்களில் கோப்பை கழுவியவர். வாய் ஓயாத மனிதர். முதல் நாள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததும் வெடித்துச் சிரித்தார். அந்தப் பக்கத்துத் தேவாலயங்களின் கோபுரங்கள் எல்லாம் ஊசி போல வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும். இதுவோ சதுரமாக, கட்டையாக, உச்சி தட்டையாக இருந்தது. சுற்றிவரக் கோட்டை மதில் போலப் பல்லுப் பல்லாக ஒரு கைப்பிடிச் சுவர்.

“தம்பி, வெள்ளைக்காரன் கூரை போட மறந்திட்டான் போல.”

“இல்லை அண்ணை, சண்டைக்கு ஆயத்தமாக் கட்டியிருக்கிறான்.”

“தண்ணி குடிக்க வந்த இடத்தில என்னடா சண்டை?”

எனக்கு அந்தக் கட்டடம் பிடித்துப் போயிற்று. அதன் வாசல் நேர் முகப்பில் இல்லை. பக்கவாட்டில் ஒரு சிறிய முன்மண்டபம், அதற்குள்ளே கதவு. உள்ளே நுழைந்தால் தலைக்கு மேல் கரிய மர உத்தரங்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருக்கும். கூர்நுனி ஜன்னல்களின் வர்ணக் கண்ணாடி வழியே முற்பகல் வெயில் தரையில் சிவப்பாக விழும். அந்தச் சிவப்பில் உட்கார்ந்துதான் நாங்கள் தேநீர் குடிப்போம். கொண்டுவந்து தருபவர் தேவாலயத்துத் திறப்புக் கொத்தை வைத்திருந்த வயதான ஆங்கிலேய அம்மா. அவருடைய ஜேர்மன் எங்களுடையதைவிட மோசம். அதனாலேயே அவர் பேசுவது எங்களுக்கு நன்றாக விளங்கியது.

கோபுர உச்சியைக் கடைசிக்கு வைத்திருந்தோம். எங்கள் வேலைகளுக்குப் பொறுப்பான மைஸ்டர், அந்த அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்க, முன்கூட்டியே சொல்லிவிட்டார்: உயரத்துக்குப் பயந்தவன் இந்த வேலைக்குச் சரிவரமாட்டான், மேலே மாட்டிக்கொண்டால் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டு இறக்குவேன், ஆனால் அடுத்த நாள் வேலைக்கு வரத் தேவையில்லை. அண்ணைக்கு அடுத்த கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில் தெர்மின், அதாவது நாள் குறித்த விசாரணை. வேலை இருப்பதைக் காட்டினால்தான் விசாவை நீட்டிக் கொடுப்பார்கள். அது நீண்டால்தான் ஊரிலிருந்த மனைவியையும் மகளையும் கூப்பிட ஒரு வழி பிறக்கும். மைஸ்டர் சொன்ன எல்லாவற்றுக்கும் அவர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

கோபுரத்தின் மூலையில், சுவருக்குள்ளேயே சுருண்டு ஏறும் கல் படிக்கட்டு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. அண்ணை சீழ்க்கை அடித்தபடி எனக்கு முன்னால் ஏறினார். மேலே குனிந்து வெளியேற வேண்டிய ஒரு சிறிய கதவு. அதைத் தாண்டி, ஈயத் தகடு போர்த்திய கூரையில் நடந்து போனவர் கைப்பிடிச் சுவரைப் பிடிக்கக் கையை நீட்டினார். அந்த இடம் சுவரின் இரண்டு பற்களுக்கு நடுவிலிருந்த வெளி. கை காற்றில் போயிற்று. கீழே ஊர் முழுவதும் தெரிந்தது.

பின்னால் சாய்ந்து அப்படியே குந்திவிட்டார்.

“என்ன அண்ணை, களைச்சுப் போனீங்களோ?”

“ஏலாதடா.”

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். சாம்பல் பூத்திருந்தது. விரல்கள் ஈயத் தகட்டின் மடிப்பைப் பிடித்திருந்தன. பதினைந்து வருடம் நிலத்தடிச் சமையலறைகளில் நின்றவருக்குத் தன் பயம் அதுவரை தெரிந்திருக்கவில்லை. கதவுக்கும் அவருக்கும் இடையே ஓர் அறையின் நீளம்கூட இல்லை. கெஞ்சினேன், அதட்டினேன். அவர் அசையவில்லை.

கீழேயிருந்து மைஸ்டர் குரல் கொடுத்தார், இன்னும் எவ்வளவு நேரம் என்று. கொஞ்சம் என்று கத்தினேன்.

ஏறும்போது வராத பயம் இப்போது ஏன் வந்தது? படிக்கட்டில் சுவரைத் தவிர வேறெதுவும் தெரியாது, அதனால்தான் என்று எனக்குப் பட்டது. கையில் ஒரு வெறும் சாக்கு இருந்தது.

“அண்ணை, இதைத் தலையில போடுங்கோ. ஒண்டும் தெரியாது. நான் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறன்.”

சாக்கை விரித்துப் பிடித்தேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சாக்கு வேண்டாமடா தம்பி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இலங்கையில் எங்கள் ஊரில் சுற்றிவளைப்பு நடக்கும் நாள்களில், சாக்கால் தலையை மூடிய ஒருவனை இராணுவம் கொண்டுவந்து இருத்தும். கண்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. வரிசையில் போகிறவர்களில் யாரைப் பார்த்து அவன் தலையாட்டுகிறானோ அவரைக் கொண்டுபோய்விடுவார்கள். அண்ணையின் தம்பி அப்படிப் போனவர், திரும்பி வரவில்லை. ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது சொல்லியிருந்தார்.

சாக்கைச் சுருட்டிச் சுவருக்கு வெளியே எறிந்தேன். அவருக்கு முதுகைக் காட்டி முழங்காலில் நின்றேன்.

“என்ர முதுகில நெத்தியை வையுங்கோ. பெல்ட்டைப் பிடியுங்கோ. என்ர ஜக்கெற்றை மட்டும் பாருங்கோ.”

என் பெல்ட்டை முதலில் ஒரு கை பிடித்தது, அடுத்து மற்றக் கை. பிறகு நெற்றி வந்து முதுகில் முட்டியது.

“ஜக்கெற் நாறுதடா.”

“அதைப் புறாக்களிட்டைச் சொல்லுங்கோ.”

இரண்டு பேரும் முழங்காலில் ஊர்ந்தோம். கதவைத் தாண்டியதும், “உள்ளுக்கு வந்திட்டமோ?” என்று கேட்டார். சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே அந்தக் கல்லில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

“மூண்டு படிக்கு அங்கால ஒண்டும் தெரியாமக் கட்டினவன் நல்லாயிருக்க வேணும்” என்றார், மூச்சு வந்த பிறகு.

பாதி இறங்கியபோது எதிரே அந்த ஆங்கிலேய அம்மா மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார். கையில் நான் எறிந்த சாக்கு. முற்றத்தில் அவருக்கு முன்னால் வந்து விழுந்திருக்கிறது. என் பெல்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டு வந்த அண்ணையைப் பார்த்தார். திரும்பி எங்களுக்கு முன்னால் இறங்கினார்.

கீழே மைஸ்டர் நின்றார். ஏன் இவ்வளவு நேரம் என்றார். நான் வாயைத் திறக்குமுன் அந்த அம்மா தன் உடைந்த ஜேர்மனில், பிழை என்னுடையது, நான்தான் இவர்களுக்குக் கோபுரத்து மணியைக் காட்டிக்கொண்டிருந்தேன் என்றார். மைஸ்டர் ஏதோ முணுமுணுத்துவிட்டு வாகனத்தடிக்குப் போனார்.

“கோயிலுக்குள்ள நிண்டு பொய் சொல்லிப் போட்டா மனுசி” என்று அண்ணை என் காதில் சொன்னார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

மிச்ச நாள்களில் உச்சியை நான் தனியாகச் சுரண்டினேன். சிறிய கதவுக்கு உள்ளே நின்று சாக்குகளை வாங்கி இறக்கியவர் அண்ணை. அவருடைய விசா நீண்டது. மனைவியும் மகளும் வந்து சேர்ந்தபோது நான் வேறு இரண்டு ஊர் மாறியிருந்தேன். தொலைபேசியில், “வீட்டுக்கு வாடா, ஆனா கோபுரக் கதையை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிப் போடாத” என்றார். போனேன், சாப்பிட்டேன், சொல்லவில்லை.

இன்னும் நான் ஊர் மாறிக்கொண்டுதான் இருக்கிறேன். யாருக்கும் நான் பொறுப்பில்லை என்பதைப் பெரிய விடுதலையாக நினைத்துத் திரிந்தவன் நான். ஆனால் என்னைவிட வயதில் மூத்த ஒரு மனிதர் என்னை நம்பித் தன் நெற்றியை என் முதுகில் சாய்த்திருந்த அந்தச் சிறிது தூரத்துக்காகத்தான் இப்போதும் மனம் ஏங்குகிறது.