கல்யாணப் படத்துக்கு ஒரு கடல்

தங்கச்சி கல்யாணத்துக்கு எந்தக் கடற்கரையில் படம் எடுப்பது என்று முடிவு செய்தவள் நான்தான். இதில் வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது. நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆளும் நான், வாய் நீளமான ஒரே ஆளும் நான். அம்மா இறந்த பிறகு எல்லா முடிவும் என்னிடம்தான் வந்து நிற்கும். வராவிட்டால் நானே போய் இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஹட்டன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறவர்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே பொண்ணையும் மாப்பிள்ளையையும் எங்காவது அழகான இடத்துக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுக்கிற ‘ப்ரீ ஷூட்’ இப்போது எங்கள் பக்கமும் வந்துவிட்டது. கொழும்பு ஜோடிகள் எங்கள் தேயிலைக்குள் வந்து, எங்கள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு சிரித்துப் படம் எடுத்துப் போகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கோ படத்தில் ஒரு கொழுந்துகூடத் தெரியக் கூடாது. தங்கச்சி கடல்தான் வேண்டும் என்றாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து, அம்மாவின் விரலெல்லாம் சாயம் ஏறிக் கறுத்துக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவள், அந்தத் தேயிலையைக் கல்யாண ஆல்பத்தில் வேறு பார்க்க வேண்டுமா என்ன?

ஒரு வாரம் போனில் கடல் கடலாகப் பார்த்தேன். கல்யாணம் ஆவணியில், படம் ஆனியில். ஆனியில் எங்களுக்கு விடாத மழை, தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளிக்கும். கிழக்கேதான் வெயில் அடிக்கும். நிலாவெளி என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன். வெள்ளை மணல், முழங்கால் ஆழத்தில் கண்ணாடி மாதிரித் தண்ணீர். ஹட்டனிலிருந்து வருகிற படக்காரரும் அதைத்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம், கேட்காமலே அப்பா வாயைத் திறந்தார்.

“தலமன்னாருக்குப் போவமா?”

அப்பா கவ்வாத்து வெட்டினவர். தேயிலைச் செடியை இடுப்பளவில் நறுக்கி நறுக்கியே முப்பது வருஷம் போனது. இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்கிற ஆள் இல்லை. ஏன் கேட்டார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவருக்கு ஒரே ஒரு அக்கா. இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு எங்கள் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில், கட்டிக்கொடுத்த வீட்டாரோடு அந்த அத்தையும் போய்விட்டார். அப்பாவுக்கு அப்போது பதினாலு வயது. இங்கிருந்து கோச்சியில் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, கப்பல் பிடித்து அக்கரைக்குப் போக வேண்டும். அந்த ரயிலுக்கு எங்கள் சனங்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. ஏறியவர்களும் அழுதார்கள், ஏற்றிவிட வந்தவர்களும் அழுதார்கள். அப்பா ஹட்டன் ஸ்டேஷனில் மேடை முடிகிற வரைக்கும் கூடவே ஓடியிருக்கிறார். கொத்தகிரிப் பக்கத்திலிருந்து இரண்டு காகிதம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அத்தை இருக்கிறாரா இல்லையா என்பதே எங்களுக்குத் தெரியாது.

அந்தக் கடலை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. எந்தக் கடலையுமே அவர் பார்த்ததில்லை. கதிர்காமம் வரைக்கும் போனவர், கடலைப் பார்க்காமலே திரும்பி வந்தார். அதிலும் அவருக்குச் சர்க்கரை. இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணும் கனகாலம் தாங்காது, பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று கண்டியில் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பாவும் கண்ணைக் காரணம் காட்டிக் கேட்கவில்லை.

தலைமன்னாரையும் போனில் தேடிப் பார்த்தேன். உடைந்த ஜெட்டி, துருப்பிடித்த இரும்பு, காயப்போட்ட வலை. இந்த லட்சணத்தில் எப்படிக் கல்யாணப் படம் எடுப்பது என்று எரிச்சல்தான் வந்தது. படத்தை நிலாவெளியில் எடுத்துக்கொண்டு, அப்பாவை மட்டும் இன்னொரு நாள் பஸ்ஸில் கூட்டிப் போயிருக்கலாம். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. லீவு இல்லை, கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டேன்.

ஆனாலும் முடியாது என்கிற சொல் என் வாயிலிருந்து வர வேண்டாம் என்று நினைத்தேன். அதனால் மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய்ச் சும்மா கேட்பது போல் கேட்டேன். கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

“அழுவக் கோச்சி போன எடம்ங்க அது. எங்க பெரியப்பா குடும்பமும் அதுலதான் போச்சு. பிரிஞ்சு போன கரையில கொண்டுபோயி புள்ளைங்கள ஜோடியா நிக்க வைப்பீங்களா?”

அவர் சொன்னதில் என்ன தப்பு? எனக்கு வேண்டியதும் அந்தப் பதில்தான். அதைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவிடம் போட்டேன். அவர் தலையை ஆட்டினார். அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். எனக்குத்தான் அது வராதே. மனசு உறுத்தியது, ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் போல் இருந்தது.

“கடல் எல்லாம் ஒரே கடல்தாம்ப்பா” என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அப்படியென்றால் நிலாவெளியில் நின்றாலும் அந்தப் பக்கம் இந்தியாதானா என்று கேட்டார். எங்கள் ஆட்களுக்குக் கடல் என்றாலே அக்கரையில் இந்தியா இருக்க வேண்டும். எங்களை ஏற்றிக்கொண்டு வந்ததும் ஏற்றிக்கொண்டு போனதும் அது ஒன்றுதான், வேறு கடல் எதற்கு? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரைபடத்தைத் தொங்கவிட்டுக் குச்சியால் காட்டுகிறவள் நான். நிலாவெளிக்கு நேர் எதிரே வெறும் தண்ணீர்தான், கிழக்கே ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் கரை கிடையாது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்பாவிடம் ஆமாம் என்றேன்.

வேன் பிடித்து, கண்டி, தம்புள்ளை வழியாகப் பகலிலேயே போய்ச் சேர்ந்து, சின்ன அறைகள் இரண்டு எடுத்துத் தங்கினோம். காலை வெளிச்சம்தான் நல்லது என்று படக்காரர் விடிவதற்குள் எல்லாரையும் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். தங்கச்சி நீலப் பட்டில் தண்ணீருக்குள் நின்றாள். மாப்பிள்ளை கால்சட்டையை மடித்துக்கொண்டு கூச்சத்தோடு அவள் கையைப் பிடித்தார். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தது. நான் எடுத்த முடிவு சரிதான் என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், அலை வந்து காலைத் தொடுகிற இடத்தில் நின்றார். வலது கண்ணுக்கு நேராக வரும்படி தலையைச் சற்றுத் திருப்பி வைத்திருந்தார். எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் கையை நேரே நீட்டினேன். நீட்டிய கைக்கு நேராகத்தான் சூரியன் கடலை விட்டு மேலே வந்தது. படக்காரர் லைட் லைட் என்று ஓடினார். அப்பா அசையவில்லை. சூரியன் முழுசாக மேலே ஏறுகிற வரைக்கும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாகக் குடும்பப் படம். “ஐயா, கேமராவப் பாருங்க” என்று படக்காரர் மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார். திரும்பியவர் நன்றாகவே சிரித்தார். அந்தப் படத்தில் எங்கள் எல்லாரையும் விட அப்பாவின் சிரிப்புத்தான் நன்றாக விழுந்திருக்கிறது.

வருகிற வழியெல்லாம் அவர் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன், எனக்கு அது வசதியாக இருந்தது. கல்யாணம் குறைவில்லாமல் முடிந்தது. தங்கச்சி ஹட்டனுக்குப் போனாள். தை பிறந்து பத்து நாள் இருக்கும், அப்பா காலையில் எழுந்து விளக்கைப் போடச் சொன்னார். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கண்டிக்குக் கொண்டு ஓடினோம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு என்னால் இருக்க முடியவில்லை. அவர் சுவரைத் தடவித் தடவி வாசலுக்கு வரும்போதெல்லாம் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். அவர் நம்பித்தானே பார்த்தார், சந்தோஷமாகத்தானே திரும்பினார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அது அத்தை போன கடல் இல்லை, எனக்குத் தெரிந்தேதான் சொன்னேன், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அழுதேன்.

அப்பா ஒரு வாய் குடித்தார்.

“அன்னிக்கே தெரியும் புள்ள. கப்பல் பொழுது சாயிற பக்கமாப் போச்சுன்னு அக்கா காயிதத்துல எழுதியிருந்துச்சு. நீ காட்டுன பக்கத்துலருந்து பொழுது கெளம்புது.”

அப்படியானால் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளை, படம் எடுக்கிற நேரத்தில் எதற்கு முகம் வாட வேண்டும் என்றார். கோபம் என்று குரலில் ஒரு துளி இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போதே போவோம் என்றேன். லீவு போடுகிறேன், தலைமன்னாரில் அதே ஜெட்டியில் கொண்டுபோய் நிற்க வைக்கிறேன், எந்தப் பக்கம் இந்தியா, கரை எப்படி இருக்கிறது, தண்ணீர் என்ன நிறம், எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று ஒன்று விடாமல் சொல்கிறேன் என்றேன். அப்பா என் பேச்சை முழுவதும் கேட்டார். கோப்பையைத் தரையில் வைக்க இடம் தடவினார். நான் வாங்கி வைத்தேன்.

“நீ சொல்லுவ புள்ள,” என்றார். “நீ சொல்றத நான் எப்பிடி நம்புறது?”