செம்பனை எண்ணெய் லோரியில் சபாக் காதுகுத்துக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ரவாங்கிலிருந்து புறப்பட்டோம். சபாக் அங்கிருந்து நூற்றிருபது கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸில் போனால் கோலசிலாங்கூரில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். எங்கள் பின்வரிசை வீட்டு ஆறுமுகம் சபாக் பக்கத்து எண்ணெய் ஆலைக்கு லோரி கொண்டுபோகிறார் என்று கேள்விப்பட்டு, என் மனைவிதான் அவரிடம் சபாக் வரை இடம் மட்டும் கேட்டு வைத்தாள். "காசெல்லாம் வேணாம்க்கா, அண்ணன் பேச்சுத்துணைக்கு வரட்டும்" என்றாராம். பேச்சுத்துணைக்கு நானா என்று எனக்கே சிரிப்பு வந்தது.

என் தங்கை தனத்தின் மகளுக்கு அன்று காதுகுத்து. நான் தாய்மாமன். பிள்ளை என் மடியில்தான் உட்கார வேண்டும். பட்டுப்பாவாடை, வளையல், பழம் எல்லாம் பையில், தோடு சட்டைப்பையில். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும். மூன்று மணி நேரப் பயணம்தானே, பத்து மணிக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

லோரி கிளம்பியதும் பலகாரம் சுடும் வாசனை வந்தது. "பசிக்குதாண்ணே? பசிக்கும். இதுல வர்றவங்க எல்லாருக்கும் பசிக்கும்" என்று சிரித்தார் ஆறுமுகம். செம்பனை எண்ணெயில் லோரி ஓடுமா என்று அவர் கம்பெனி டெஸ்ட் பண்ணுகிறதாம். பெரிய டேங்கில் டீசலும் செம்பனை எண்ணெயும் கலந்திருந்தது. சின்ன டேங்கில் வெறும் டீசல். வண்டியைக் கிளப்பவும் நிறுத்தவும் மட்டும் அது. கலவை ஆறினால் கெட்டியாகி பில்டரை அடைத்துவிடும். அதனால் ரேடியேட்டரின் சுடுதண்ணீரை ஒரு செம்புக் குழாயில் கொண்டுவந்து எண்ணெய்க் குழாயைச் சுற்றி ஓடவிட்டிருந்தார்கள். எண்ணெயின் சூட்டைக் காட்ட என் முழங்காலுக்கு நேரே ஒரு மீட்டர்.

"முள்ளு அம்பதுக்குக் கீழ எறங்குனா சொல்லுங்கண்ணே. நான் ரோட்டப் பாக்கணும்ல."

பத்தாங் பெர்ஜுந்தை வரை இரண்டு பக்கமும் செம்பனை. மரங்களைப் பார்க்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். கடைத்தெரு ஓரமாக லோரியை நிறுத்தி, டேங்கு மூடியைத் திறந்து, நூல் கட்டிய தெர்மாமீட்டரை உள்ளே விடச் சொன்னார். டேங்கில் குழாயைவிடச் சூடு குறைவாகத்தான் இருக்குமாம். இன்ஜின் சத்தத்தில் நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

"கத்துங்கண்ணே. எண்ணெய் கோவிச்சுக்காது."

"நாப்பத்தொண்ணு" என்று கத்தினேன். தகர வேலை செய்யும் சீனர் ஒருவர் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. தொழிற்சாலை ஸ்டோரில் பதினாறு வருடமாகச் சாமான் எடுத்துக் கொடுக்கிறேன். என்னை யாரும் கத்திச் சொல்லச் சொன்னதில்லை.

கோலசிலாங்கூருக்கு வரும்போது ஒன்பதரை. குன்றின்மேல் வெளிச்சவீடு தெரிந்தது. அங்கேயும் இறங்கி அளந்தோம். அவர் கோப்பி வாங்கிக் கொடுத்தார். என்னைக் காசு கொடுக்க விடவில்லை. அப்போதே என் அவசரத்தைச் சொல்லியிருக்கலாம். ஓசியில் ஏறி, கோப்பியும் குடித்துவிட்டு, சீக்கிரம் போங்கள் என்று எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். அதிலும், நான்தான் தாய்மாமன் என்று நானே எடுத்துச் சொல்வது பெருமை பேசுவதுபோல் இருந்தது.

பாலம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வயல் தெரியவில்லை, ரோடே சரியாகத் தெரியவில்லை. தஞ்சோங் காராங்குக்கு முன்னால் முள் இறங்க ஆரம்பித்தது.

"நாப்பத்தாறு... நாப்பத்திரண்டு."

லோரி இருமியது. ஆறுமுகம் ஒரு மூடிய கடை முன்னால் ஒதுக்கி, இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்தார். "டீசலுக்கு மாத்தலாம். மாத்துனா டெஸ்ட்டு போச்சு. தானா ஏறுதான்னு பாப்போம்லா. நமக்கு என்ன அவசரம்?"

என்னைத் திரும்பிப் பார்த்துத்தான் கேட்டார். நான் முள்ளைக் காட்டி, "நாப்பத்து மூணு" என்றேன்.

முள் ஐம்பதைத் தொட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சிகிஞ்சானில் மழை விட்டு, நெல் வயல் பச்சைப் பசேலென்று கிடந்தது. பார்க்க வேண்டிய இடம்தான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சுங்கை பெசார் தாண்டும்போதே பன்னிரண்டு ஆகிவிட்டது.

சபாக்கில் தங்கை வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஆறுமுகம் அதையும் பார்த்தார், என் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பட்டுப்பாவாடையையும் பார்த்தார்.

"காதுகுத்தாண்ணே? நீங்க தாய்மாமனா?"

"ஆமா."

சின்ன டேங்குப் பக்கம் கைகாட்டினார். "சின்ன டேங்கு நெறைய டீசல் இருக்குண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மழையிலயே கொண்டாந்து விட்டிருப்பேன். ஆபீஸ்ல ரெண்டு ஏச்சு வாங்கியிருப்பேன், அவ்வளவுதான்." இறங்கி வந்து பையை எடுத்துக் கொடுத்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். "எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு வர்றது" என்று போய்விட்டார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதையும் நான் அப்போது சொல்லவில்லை.

பதினொன்றே முக்கால் வரை காத்திருந்தார்களாம். பிறகு எங்கள் பெரியப்பா மகன் முனியாண்டியின் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். போட்டோவும் எடுத்தாகிவிட்டது. தனம் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். "மழைக்கு நீ என்னண்ணே பண்ணுவ? சாப்பிடு" என்று இலை போட்டாள். மழை என்றே இருக்கட்டும் என்று சாப்பிட்டேன். தோட்டைக் கொடுத்தேன். புண் ஆறியதும் போடுகிறேன் என்று சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். பிள்ளை அழுது ஓய்ந்து முனியாண்டி தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் கை நீட்டினேன். எழுந்தால் மறுபடி அழும் என்றார்கள்.

நாலு மணி பஸ்ஸில் திரும்பினேன். காலையில் வந்த அதே ரோடு, நல்ல வெயில். தஞ்சோங் காராங்கில் நாங்கள் ஒதுங்கி நின்ற கடை இப்போது திறந்திருந்தது. வாசலில் லோரி நின்ற பள்ளத்தில் மட்டும் மழைத்தண்ணீர் இன்னும் தேங்கியிருந்தது. அந்த இடத்தில் நான் எத்தனையோ தடவை வாய் திறந்து, முள் காட்டிய எண்ணை உரக்கத்தான் சொல்லியிருந்தேன்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்து, "மடியில உக்காந்து ரொம்ப அழுதாளா?" என்று கேட்டாள்.