பத்மாஸினி சொல்லாத பெயர்

எங்கள் மைசூரில் வயதானவர்களுக்கு மரியாதைக்குக் குறைச்சலே கிடையாது. பூங்காவில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். பெஞ்சைக் கொடுத்தவரின் பெயர் உட்காருகிறவரின் முதுகைவிட அகலமாக எழுதியிருக்கும். வங்கியில் மூத்த குடிமக்களுக்குத் தனி கவுன்டர் உண்டு, அதில் ஆள்தான் இருப்பதில்லை. அக்டோபர் பிறந்தால் முதியோர் தினம் என்று கூப்பிட்டு, தலையில் மைசூர் பேட்டா என்கிற ஜரிகைத் தலைப்பாகையை வைத்து, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து, கையில் ஒரு லட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மார்கழிக் குளிருக்குக்கூட உதவாத அந்தச் சால்வைகள் என் அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. இந்தச் சிறப்பெல்லாம் நடக்க முடிந்த, பேச முடிந்த, வீட்டுக்குத் திரும்ப வழி தெரிந்த கிழங்களுக்கு. நினைவு தப்புகிறவர்களுக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று தேட வேண்டிய நிலைமை எனக்கு வந்தது பத்மாஸினி மாமியால்தான்.

மாமியும் நானும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். அவர் மேல்கோட்டை வழிவந்த ஐயங்கார் வீட்டுப் பெண். நான் லீலா, மில் வேலைக்காக சேலம் பக்கத்திலிருந்து இங்கே வந்த ஒரு மேஸ்திரியின் மகள். வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு ஹெட்செட்டை எப்படி மாட்டுவது என்று சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான், தப்பு செய்தால் எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியவரும் அவர்தான். பயந்த சுபாவம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஊரில் பெண்கள் சைக்கிளே அதிகம் ஓட்டாத நாளில் லூனா மொபெட்டில் வேலைக்கு வந்தவர். சரஸ்வதிபுரத்து வீட்டுக்கு ஆபீசில் கடன் போட்டு மனை வாங்கியதும் அவர்தான், அவர் கணவர் இல்லை.

ஆனால் அந்தக் கணவரின் பெயரை மட்டும் அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஊரில் பாதிப் பேருடைய பெயரை நாள் முழுக்க சொல்லிக்கொண்டிருந்த வாய் அது. தகவல் பிரிவில் எங்கள் வேலையே பெயரைக் கேட்டு, அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து, நம்பரைக் கொடுப்பதுதானே. லட்சுமிபுரத்தில் பராசரன் என்று ஒரு வக்கீல் இருந்தார், பெரிய ராசிக்காரர், எப்போதும் யாராவது அவருடைய நம்பரைக் கேட்பார்கள். மாமி உடனே லைனை என் பக்கம் தள்ளிவிடுவார். அவர் கணவருக்கும் அதே பெயர்.

"மாமி, அந்த வக்கீல் உங்களுக்கு என்ன ஆகணும்? அவர் பேரைச் சொன்னா என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பேரு பேருதான். சொன்னா இவருக்கு ஆயுசு குறையும். நீ உன் லைனைப் பாரு" என்றார்.

லூனா ஓட்டுகிறவர், சூப்பர்வைசரை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறவர், இதை நம்பினார். ரேஷன் கார்டு ஆபீசில் கேட்டால் கார்டில் விரலை வைத்துக் காட்டுவார். கோயிலில் அர்ச்சனைக்குக் கோத்திரத்தையும் நட்சத்திரத்தையும் சொல்லிவிட்டு, பெயரை எடுத்துக்கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார். வீட்டில் "ஏன்னா", வெளியில் "இவர்". அந்த "இவர்" என்ற சொல்லில் ஒரு பெருமை இருக்கும். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும். என் வீட்டுக்காரரை நான் கூப்பிட்ட பெயர்களை எழுத முடியாது.

மாமியின் கணவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பராசரன் சார் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அதிர்ந்து பேசாதவர். மனைவி சொன்னதைக் கேட்டு நடந்தே நல்லபடியாக வாழ்ந்துவிட்டவர். ஒரே மகன் வாசுதேவ் ஹைதராபாத்தில் பெரிய வேலை.

மாமிக்கு மறதி வந்தது மெதுவாகத்தான். பாலை இரண்டு தடவை காய்ச்சுவார். மார்க்கெட்டுக்குப் போனவரை தேவராஜ மொஹல்லாவில் ஒரு பூக்காரி உட்கார வைத்து எனக்கு போன் செய்தாள். அப்புறம் ஒருநாள் காலையில் குளித்து, புடவை மாற்றி, கைப்பையோடு எக்ஸ்சேஞ்சு வாசலில் போய் நின்றுவிட்டார். ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது, உள்ளே விடு என்று காவலாளியிடம் ஒரே சண்டை. சார் ஆட்டோ பிடித்துப் போய் அழைத்து வந்தார். வீட்டுக்கு வந்ததும் சார் மூச்சு வாங்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவருடைய நெஞ்சுவலி வெளியே தெரிந்தது.

டாக்டர் பைபாஸ் செய்தாக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். செய்துகொண்டால் அதற்கப்புறம் மாமியின் பின்னால் ஓட முடியாது. வாசுதேவ் வீடியோவில் வந்து, ரொம்ப யோசித்து முடிவு செய்தவன் மாதிரி பேசினான்.

"பெங்களூர் பக்கத்துல நல்ல ஹோம் இருக்குப்பா. கேட் எப்பவும் பூட்டியே இருக்கும், வெளியில போக முடியாது. அம்மா அங்க சேஃபா இருப்பா. நீ ஆபரேஷன் பண்ணிண்டு என்னோட வந்துடு."

"அப்போ நாங்க ரெண்டு பேரும்?" என்று சார் கேட்டார்.

"மாசத்துக்கு ஒருதரம் போய்ப் பார்க்கலாம்பா."

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாக இருந்தவர்களை மாசத்துக்கு ஒருதரம் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான், கரண்ட் பில் கட்டுகிற மாதிரி. எனக்கு வந்த கோபத்தில் போனைப் பிடுங்கிப் பேசியிருப்பேன். சார் கையமர்த்திவிட்டார்.

அப்போதுதான் தேட ஆரம்பித்தேன். உதவி எண் ஒன்றைக் கூப்பிட்டால் கன்னடத்துக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு இரண்டு என்று அது போய்க்கொண்டே இருந்தது. மூத்தோர் சங்கத்தில் சிரிப்பு யோகாவுக்குக் கூட்டி வாருங்கள் என்றார்கள். வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் கம்பெனியில் ரத்த அழுத்தம் பார்ப்போம், ஆளைப் பார்த்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். கடைசியில் ஒரே ஓர் இடம் அகப்பட்டது. நெம்மதி என்று ஒரு டிரஸ்ட் நடத்துகிற பகல் காப்பகம். கன்னடத்தில் நிம்மதியைத்தான் அப்படிச் சொல்வார்கள். காலையில் வேன் வந்து அழைத்துப் போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். பகலில் அவர் அங்கே இருந்தால் சார் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டிலேயே தேறிவிடலாம், இரவுக்கு நான் இருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். வாசுதேவும், இடம் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் ஹோம்தான் என்று ஒத்துக்கொண்டான்.

ஆனால் நெம்மதியில் மறதி ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இடம். ரொம்ப மறந்தவர்களைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லையாம். அதற்கு ஒரு பரீட்சை. நடத்தியவள் ரக்ஷா என்கிற சின்னப் பெண், தமிழ் வீட்டுப் பெண்தான், தமிழைவிடக் கன்னடம் சரளமாக வந்தது, பாட்டிகளை அஜ்ஜி என்றுதான் கூப்பிடுவாள். சாரை வெளியே உட்கார வைத்துவிட்டு, என்னை மட்டும் உள்ளே விட்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை.

"அஜ்ஜி, இன்னைக்கு என்ன தேதி?"

"ஏகாதசி. காலம்பறலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை" என்றார் மாமி.

ரக்ஷா தேதியைத்தான் கேட்டாள். ஏகாதசி அவள் கணக்கில் வரவில்லை. இருந்தாலும் மாமி வீட்டு விலாசத்தைச் சொன்னார், மகன் பெயரைச் சொன்னார், கடிகாரம் வரைந்து காட்டினார். நான் மனசுக்குள் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

"வெரி குட். நிம்ம யஜமான்ர ஹெசரு? உங்க ஹஸ்பெண்ட் பேர் சொல்லுங்க."

மாமி சிரித்தார். முகவாயால் கதவுப் பக்கம் காட்டினார். "இவர்தான். வெளியில உக்காந்துண்டிருக்காரே."

"அவர் பேர், அஜ்ஜி?"

மாமி புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? எடுத்துச் சொல்லேன் என்கிறார். நான் வாயைத் திறந்தேன்.

"ஆன்ட்டி, ப்ளீஸ்!" என்று ரக்ஷா என்னை அடக்கினாள். இன்னும் இரண்டு தடவை கேட்டாள். மாமி சுவரில் இருந்த சாமுண்டேஸ்வரி காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கணவர் பெயரே தெரியவில்லை, ஆரம்ப நிலையைத் தாண்டிவிட்டது, இடம் இல்லை என்று முடிந்தது.

நான் கத்தினேன். "ஏம்மா, அவங்க மறக்கல. சொல்லமாட்டாங்க! இந்தக் காலத்துலயும் சொல்லாதவங்க இருக்காங்க. உங்க வீட்டுல யாரும் இப்படி இல்லையா?"

"எங்க வீட்டுல எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, ஆன்ட்டி. நீங்க சொல்றது நிஜமா இருக்கலாம். ஆனா அவங்க வாயால சொன்னாத்தான் நான் மார்க் போட முடியும்."

அவளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. முதியோருக்கென்று படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறாள். இப்படி ஒரு மனுஷி இருப்பாள் என்று படிப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. பாவம், அவளே மேலிடத்தில் பேசி, மழைக்காலம் முடிந்து இன்னொரு தடவை வரச் சொன்னாள்.

அதுவரை பைபாஸைத் தள்ளிப்போட்டார் சார். டாக்டர் திட்டினார், மகன் திட்டினான், நானும் திட்டினேன். சொன்னால் இவருக்கு ஆயுசு குறையும் என்று நம்பினவர் சொல்லாமல் இருந்து அதைத்தான் குறைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

தினமும் காபி குடித்ததும் சார் கெஞ்சுவார். "ஒரே ஒரு தடவை சொல்லு, பத்மா. பெருமாள் கோவிச்சுக்கமாட்டார்."

"உங்களுக்கு என்ன புத்தி பேதலிச்சுடுத்தா? நான் மஞ்சக் குங்குமத்தோட இருக்கறது பிடிக்கலையா?" என்று மாமி எழுந்து போய்விடுவார். சட்டியை அடுப்பில் வைத்தது மறந்துபோகும், எனக்குக் கல்யாணமாகி மகள் இருப்பது மறந்துபோகும், இது மட்டும் மறக்காது.

சார் என்னிடம் வந்து, "சொல்லமாட்டேங்கறா, லீலா. என்ன கேட்டாலும் சொல்லமாட்டேங்கறா" என்பார். குறை சொல்கிற ஆள் மாதிரியா இருக்கும் முகம்? முதல் மார்க் வாங்கிய பிள்ளையைப் பற்றிப் பேசுகிற தகப்பன் மாதிரி இருக்கும். இந்த மனுஷனுக்கு நிஜமாகவே புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன்.

தசராவுக்கு ஊரெல்லாம் விளக்குப் போட்டிருந்தபோது மாமி படுத்த படுக்கையாகக் காய்ச்சலில் கிடந்தார். எழுந்தபோது பேச்சு குறைந்திருந்தது. சாரை "ஏன்னா" என்று கூப்பிடுவதும் குறைந்திருந்தது. காய்ச்சல் அசதி என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். அப்படியே மறுபடி நெம்மதிக்குப் போனோம்.

இந்தத் தடவை தேதி கேட்டபோது ஏகாதசி என்றுகூட மாமி சொல்லவில்லை. விலாசத்தில் தடுமாறினார். கடிகாரத்தில் எண்களெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. முடிந்தது கதை என்று நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"உங்க ஹஸ்பெண்ட் பேர் என்ன, அஜ்ஜி?"

"பராசரன்" என்றார் மாமி.

கடைக்காரர் பெயரைச் சொல்கிற மாதிரி சொன்னார். தலைப்பை இழுக்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. ரக்ஷா நிஜமாகவே கைதட்டினாள், அவள் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. அந்த ஒரு பதிலில்தான் மாமி தேறினார், விளிம்பில். எனக்கு முதலில் சந்தோஷம்தான். ரக்ஷா கதவைத் திறந்துகொண்டு சாரிடம் ஓடினாள்.

"அங்கிள், சொல்லிட்டாங்க! ஸ்பஷ்டமா சொன்னாங்க!"

சார் எழுந்தார். "யோசிச்சாளா? கொஞ்சமாவது தயங்கினாளா?"

"இல்லவே இல்ல, அங்கிள். கேட்ட உடனே சொன்னாங்க."

அவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு எல்லாம் உறைத்தது. இத்தனை மாதமாக இவர் கெஞ்சியதும், மாமி சொல்லமாட்டேன் என்றதும், இவர் அதை என்னிடம் வந்து சொல்லிச் சொல்லி மகிழ்ந்ததும். நெம்மதியில் எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். அன்றைக்கே வாசுதேவுக்குச் செய்தி போய், "சூப்பர்ப்பா" என்று பதில் வந்தது. ஹோம் பேச்சு நின்றது, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று.

திங்கட்கிழமை காலையில் வேன் வந்தது. மாமிக்கு நான்தான் தலை பின்னிவிட்டேன். சார் கைப்பையை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து ஏற்றி உட்கார வைத்தார். கதவைச் சாத்தப் போனபோது மாமி அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். எவ்வளவு மரியாதை அந்தக் குரலில்.

"ஒரு உபகாரம் பண்ணணும். இந்தாத்துல பராசரன்னு ஒருத்தர் இருக்கார். அவர் வந்து என்னைத் தேடினா, நான் வேலைக்குப் போயிருக்கேன்னு சொல்லிடறேளா?"

சார் கதவை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். "கட்டாயம் சொல்றேம்மா" என்றார்.